எதிர்காலத்தில் நமக்கு எந்தத் தெரு?
அறிவியல் புனைகதையும் அதன் மதிப்புரைகளும்: சில வரலாற்றுக் குறிப்புகள்

போன மாதம் எங்கள் வாசகர் கூட்டத்தில் நாலு புத்தகங்களைப் பற்றிப் பேசினேன். நாலுமே அறிவியல் புனைகதை, மாயப்புனைவு என்கிற கொட்டடிக்குள் அடைக்கப்பட்டவை. நாலையும் எழுதியவர்களும் தொகுத்தவர்களும் அமெரிக்கக் கறுப்பர்கள். பேசி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு தோழர் எழுந்தார். "ஏம்மா, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நாலு மாசமா தாலுக்கா ஆபீசுல நிக்கிறோம். நீ இன்னான்னா வேத்துக் கிரகத்துல பட்டா கேட்டுக்கினு இருக்கிற" என்றார். கூட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் வயல் வரப்பில் போகிறவனுக்கு விண்கலம் எதற்கு? இதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். நாளைய உலகம் எப்படி இருக்கும் என்று எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது? அப்படி எழுதிய புத்தகத்தைப் பார்த்து 'இது சரி, இது தப்பு, இது நம்ம வகையில் சேராது' என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது? புதிதாக வந்த அறிவியல் புனைகதை நூல்களுக்கு மதிப்புரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மதிப்புரையின் வரலாறே குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அதை எழுதாமல் மேலே போக முடியாது.

முதலில் என் கதை. எம்.ஏ. தமிழ் படிக்கும்போது ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு நகரம். அதன் பாதாளச் சாக்கடைகள் ஒருநாள் பேச ஆரம்பிக்கின்றன. உள்ளே இறங்கிச் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கின்றன. மூடியைப் போட்டு மூடினாலும் குரல் நிற்கவில்லை. நகரத்துக்காரர்களுக்குத் தூக்கம் போகிறது. கதை அவ்வளவுதான். ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போனில் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுசர்தான். "உங்கள மாதிரி இருக்கிறவங்ககிட்ட நாங்க எதிர்பாக்கிறது அனுபவம்மா. இந்த மாயம் மந்திரம்லாம் வேற யாரு வேணா எழுதுவாங்க. நீங்க பட்டத எழுதுங்க, போடுறோம்" என்றார். எனக்குப் பாடம் எடுத்த ஒருவரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்: "உங்க ஆளுங்களுக்குத் தன்வரலாறு நல்லா வருது."

தன்வரலாறு நமக்கு ஆயுதம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நேற்றைக்கு மட்டும்தான் உனக்குப் பட்டா, நாளைக்கு அது இல்லை என்று ஒருவன் சொல்லும்போது அது இலக்கிய ஆலோசனை இல்லை. வேலி. அந்த வேலியை அன்றைக்கு எனக்கு அடையாளம் தெரியவில்லை. சில வருசம் கழித்து ஒரு கறுப்பு எழுத்தாளரின் கட்டுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது.

சாமுவேல் டிலேனி. 1942இல் பிறந்தவர், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்காரர். இருபது வயதிலேயே நாவல் எழுத வந்துவிட்டவர். 1960களின் பிற்பாதியில் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் தரும் நெபுலா விருதைத் திரும்பத் திரும்ப வாங்கினார். அப்படிப்பட்டவர் 'நோவா' என்ற நாவலைத் தொடராக வெளியிடக் கேட்டு 'அனலாக்' பத்திரிகைக்கு அனுப்புகிறார். அதன் ஆசிரியர் ஜான் கேம்பல். 1930களின் இறுதியிலிருந்து 1971இல் சாகும்வரை அந்தப் பத்திரிகை அவர் கையில் இருந்தது. அமெரிக்க அறிவியல் புனைகதையின் பொற்காலத்தை உருவாக்கியவர் என்று வரலாற்றுப் புத்தகங்கள் அவரைக் கொண்டாடும். அவர் நாவலைத் திருப்பி அனுப்பினார். சொன்ன காரணம்: கதாநாயகன் கறுப்பன், எங்கள் வாசகர்களால் அவனோடு ஒன்ற முடியாது. நாவலின் தரத்தைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. நட்சத்திரங்களுக்கு இடையே கப்பல் ஓட்டலாம், அதை வாசகர் நம்புவார். அந்தக் கப்பலுக்குத் தலைவனாக செனகல் நாட்டுத் தாய்க்குப் பிறந்தவன் இருப்பதை நம்பமாட்டார். 'நோவா' 1968இல் புத்தகமாக வந்தது. அதே 1968இன் டிசம்பரில் கீழ்வெண்மணியில் நம் ஜனம் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் அந்த வருசத்தை நினைத்தால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று கேம்பல் சொல்லவில்லை. 'என் வாசகருக்குப் பிடிக்காது' என்றார். நம் ஊரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் இதே பேச்சைத்தான் கேட்போம். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அக்கம்பக்கத்துல இருக்கிறவங்கதான் ஒருமாதிரி." சாதி எப்போதும் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கும்.

இரண்டாவது சாட்சி ஆக்டேவியா பட்லர். 1980இல் அறிவியல் புனைகதையில் காணாமல்போன இனங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கதைக்குள் கறுப்பரைக் கொண்டுவந்தால் கதையின் குணமே மாறிவிடுகிறது, கவனம் முழுக்க அந்த ஆள்மேல் போய்விடுகிறது என்று துறையைச் சேர்ந்த ஒருவர் வாதம் பண்ணியதை அவர் பதிவு செய்திருக்கிறார். இனப் பிரச்சினையைச் சொல்ல வேண்டுமென்றால் கறுப்பருக்குப் பதிலாக ஒரு வேற்றுக்கிரகவாசியை வைத்துக்கொள்ளலாமே என்பதும் அந்த வாதத்தில் உண்டு. அதாவது பச்சை நிறத் தோலோடு, மூன்று கண்ணோடு ஒரு ஜந்து வரலாம். கறுப்புத் தோலோடு ஒரு மனுசி வரக்கூடாது. நம் துயரம் அவர்களுக்கு வேண்டும், நாம் வேண்டாம்.

இந்தத் துறையில் புத்தகங்களை எடைபோடும் வேலை ரொம்ப காலம் ஒருசிலர் கையில்தான் இருந்தது. கேம்பலின் பத்திரிகையில் ஸ்கைலர் மில்லர் என்ற ஒரே ஆள் இருபது வருசத்துக்கும் மேல் மதிப்புரைப் பகுதியை எழுதினார். அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, உழைப்பாளி. ஆனால் எத்தனை வருசமானாலும் ஒரே சன்னல், அதிலிருந்து தெரிகிற ஒரே தெரு. 1960களில் ஜோவானா ரஸ் போன்ற பெண்கள் மதிப்புரை எழுத வந்த பிறகுதான் வேறு சன்னல் திறந்தது. பெண் எழுத்தை எப்படியெல்லாம் அமுக்குகிறார்கள் என்று 1983இல் ரஸ் ஒரு புத்தகமே போட்டார். தடை போடத் தேவையில்லை. 'இது உண்மையில் இலக்கியம் இல்லை', 'இவள் ஒரு விதிவிலக்கு', 'இவள் எழுதியதில் இது ஒன்றுதான் தேறும்' என்கிற வகையில் பேசினாலே போதும் என்பதை அவர் பட்டியல் போட்டுக் காட்டுகிறார். தலித் எழுத்துக்கு வந்த மதிப்புரைகளை எடுத்து அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

'கறுப்பர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள்' என்பது பொய். 1920இல் டு பாய்ஸ் 'தி காமெட்' என்றொரு சிறுகதை எழுதினார். நமக்கு அவர் அந்நியர் இல்லை. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் அவருக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபையில் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டார். டு பாய்ஸும் அன்போடு பதில் போட்டார். இது நமக்குத் தெரிந்த வரலாறு. ஆனால் அந்த டு பாய்ஸ் ஒரு வால்நட்சத்திரக் கதை எழுதியிருக்கிறார் என்பதை நான் முப்பது வயதுக்குமேல்தான் அறிந்தேன்.

கதை இது. நியூயார்க்கில் ஒரு வங்கி. அங்கே ஜிம் என்ற கறுப்பு ஏவலாள். அடித்தளத்துக்கும் கீழே ஒரு பழைய பெட்டக அறை. உள்ளே போனால் ஆபத்து. அதனால் விலைமதிப்பில்லாத உயிரான ஜிம்மை அனுப்புகிறார்கள். அவன் கீழே இருக்கும்போது வால்நட்சத்திரத்தின் விஷக்காற்று நகரத்தைக் கடக்கிறது. மேலே வந்தால் எல்லோரும் பிணம். நேற்றுவரை உள்ளே விடாத பெரிய ஓட்டலில் போய்ச் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறான். பிறகு ஒரு பணக்கார வெள்ளைப் பெண்ணைப் பார்க்கிறான். உலகத்தில் மிச்சம் இருப்பது நாம் இருவர்தான் என்று நினைக்கும்போது அவள் கண்ணுக்கு அவன் நிறம் மறைந்துபோகிறது, மனுசன் தெரிகிறான். அந்த நேரம் பார்த்துக் கார் சத்தம். அவளுடைய அப்பா வருகிறார். செத்தது நியூயார்க் மட்டும்தான். வெளி உலகம் அப்படியே இருக்கிறது. அடுத்த நொடியே ஜிம் மறுபடியும் கறுப்பன். கூட்டத்தில் ஒருவன் அவனைத் தூக்கில் போடலாம் என்கிறான். அப்பா கையில் கொஞ்சம் பணம் திணிக்கிறார். கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறாள், கையில் செத்துப்போன குழந்தையோடு.

இதை நான் படித்தது இரவு பதினோரு மணிக்கு. படித்துவிட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். கீழே இறக்கிவிடப்பட்டவன் என்றால் எனக்கு மலக்குழிதான் ஞாபகம் வரும். நம்மவர்கள் இறங்குகிற குழியில் விஷக்காற்று உள்ளே இருக்கிறது, நகரம் மேலே பத்திரமாக இருக்கிறது. மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. குழி இன்னும் இருக்கிறது. டு பாய்ஸ் அந்தக் காற்றை ஒரே ஒருநாள் வெளியே திருப்பிவிட்டுப் பார்த்தார். ஒரு நகரமே அழிந்தால்தான் ஒரு வெள்ளைக்காரி ஒரு கறுப்பனை மனுசனாகப் பார்ப்பாள், அதுவும் ஒரு பகல் பொழுதுக்கு மட்டும். 1920இல் எழுதிய இந்தக் கணக்கை எந்தத் தன்வரலாற்றாலும் இப்படிப் போட்டுக் காட்ட முடியாது. கற்பனைக்கு இங்கேதான் வேலை.

1931இல் ஜார்ஜ் ஸ்கைலர் 'பிளாக் நோ மோர்' என்ற நாவலை எழுதினார். ஒரு கறுப்பு டாக்டர் மூன்று நாளில் கறுப்பரை வெள்ளையராக்கும் முறையைக் கண்டுபிடிக்கிறார். ஜனம் வரிசையில் நிற்கிறது. கொஞ்ச நாளில் நாட்டில் கறுப்பரே இல்லை. பிரச்சினை தீர்ந்ததா? மாற்றப்பட்டவர்கள் அசல் வெள்ளையரைவிடக் கொஞ்சம் அதிகமாக வெளுத்திருப்பது கண்டுபிடிக்கப்படுகிறது. உடனே அதிக வெளுப்பு இழிவாகிறது. பவுடரைத் தேய்த்துக் கறுப்பாகப் பார்க்கிறார்கள். அந்த வருசமே டு பாய்ஸ் தன்னுடைய 'கிரைசிஸ்' பத்திரிகையில் இந்த நாவலுக்கு மதிப்புரை எழுதி வரவேற்றார். ஊரை விட்டு வந்து, பெயரை மாற்றி, மதத்தை மாற்றி, மெட்ராசில் பிளாட் வாங்கிய பிறகும் 'உங்களுக்கு எந்தப் பக்கம்?' என்ற கேள்வியில் மாட்டிக்கொள்கிற நமக்கு இந்த நாவலை விளக்க வேண்டியதில்லை. பிரச்சினை தோலிலோ பெயரிலோ இல்லை. ஏணி இருக்கும்வரை ஒருவனைக் கீழே நிற்கவைக்க ஏதாவது ஒரு அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவை எல்லாம் எங்கே போயின? துறையின் வரலாற்றை எழுதியவர்கள் பத்திரிகைகளைப் பார்த்து எழுதினார்கள். பத்திரிகைகளில் கறுப்பர் பேர் இல்லை. அதனால் வரலாற்றிலும் இல்லை. 2000இல் ஷெரீ தாமஸ் என்ற கறுப்புப் பெண் 'டார்க் மேட்டர்' என்ற பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார். டு பாய்ஸின் கதை, ஸ்கைலர் நாவலின் பகுதி, டிலேனியின் கட்டுரை எல்லாம் அதில் ஒன்றாக வந்தன. புதைத்ததைத் தோண்டி எடுப்பதும் ஒருவகை மதிப்புரைதான். அயோத்திதாசரின் எழுத்துகளைத் தேடித் தொகுத்தபோது நமக்கு நடந்ததும் அதுதானே.

இப்போது பட்லருக்கு வருகிறேன். 1947இல் பிறந்தார். அப்பா ஷூ துடைக்கிற வேலை செய்தவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலைக்காரி. அந்த வீடுகளுக்குள் அம்மா பின்வாசல் வழியாகப் போனதையும், அவர் அங்கே நிற்கும்போதே இல்லாதவர் மாதிரி மற்றவர்கள் பேசியதையும் பட்லர் சிறுமியாகப் பார்த்திருக்கிறார். அம்மா ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறார் என்று கோபப்பட்டிருக்கிறார். பிறகு கல்லூரிக் காலத்தில், நம்மைப் பின்னுக்கு இழுத்த கிழடுகளை எல்லாம் தீர்த்துக்கட்ட வேண்டும், ஆனால் முடியாது, என் பெற்றோரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்கிற மாதிரி ஒரு கறுப்பு இளைஞன் பேசியதைக் கேட்கிறார். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் 'கிண்ட்ரட்' நாவல் பிறந்தது.

பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பி, 1979இல் வந்த புத்தகம் அது. 1976இல் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்புப் பெண், காரணம் சொல்லப்படாமல், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேரிலாந்தில் இருந்த ஓர் அடிமைப் பண்ணைக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே ஒரு வெள்ளைச் சிறுவன் ஆபத்தில் சிக்கும்போதெல்லாம் அவள் போய்க் காப்பாற்ற வேண்டும். ஏனென்றால் அவன்தான் அவள் வம்சத்துக்கு மூதாதை. அவன் வளர்ந்து அடிமைகளின் எசமான் ஆகிறான். காப்பாற்றாவிட்டால் அவளே பிறக்கமாட்டாள். இந்தப் பொறியில் மாட்டிய படித்த பெண், சவுக்கடிக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் குனியக் கற்றுக்கொள்கிறாள் என்பதுதான் நாவல். கடைசிமுறை திரும்பி வரும்போது ஒரு கையை இழந்துதான் வருகிறாள்.

எங்கம்மா நடவுக்குப் போன வீட்டில் கொல்லைப் பக்கம் நின்றுதான் கூலி வாங்கும். முந்தானையை ஏந்தி நிற்கும். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். எங்கம்மா ஒண்ணும் சொல்லவில்லை. சோறு போட்டுவிட்டுப் படுத்துவிட்டது. பதினைந்து வருசம் கழித்து 'கிண்ட்ரட்' படிக்கும்போது அந்த ராத்திரி திரும்ப வந்தது. அந்த முந்தானையில் வாங்கிய நெல்லில்தான் நான் ஃபீஸ் கட்டினேன். எம்.ஏ. படித்த நான் அந்தக் கொல்லையில் நின்றிருந்தால் ஒரு வாரம் தாங்கியிருப்பேனா? வரலாற்றுப் புத்தகம் எதுவும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஒரு மாயப்புனைவு கேட்டது.

பட்லருக்கு 1995இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அறிவியல் புனைகதைக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அதற்கு முன் பாத்திரம் கழுவியும், உருளைக்கிழங்கு வறுவலைச் சரிபார்க்கும் வேலை பார்த்தும், விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதியவர். 1987இல் வந்த அவருடைய 'டான்' நாவலின் நாயகி லிலித் ஒரு கறுப்புப் பெண். அந்நாளில் வந்த பதிப்பின் அட்டையில் வரைந்திருந்ததோ வெள்ளைக்காரி. உள்ளே கறுப்பு, அட்டையில் வெள்ளை. 2006இல் பட்லர் இறந்தார். 2024இல் தொடங்குவதாக அவர் 1993இல் எழுதிய 'பாரபிள் ஆஃப் தி சோவர்' 2020இல்தான் நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறியது. எழுதியவர் போய்ப் பதினாலு வருசம் கழித்து.

சார்லஸ் சாண்டர்ஸ் கதை இதைவிடக் கொடுமை. வியட்நாம் போருக்குப் போக மறுத்துக் கனடாவுக்குப் போனவர். ஆப்பிரிக்க மண்ணில் வாள் ஏந்திய 'இமாரோ' என்ற வீரனைப் படைத்தார். 1981இல் புத்தகம் வந்தபோது பதிப்பகம் அட்டையில் 'கறுப்பு டார்சான்' என்று போட்டது. டார்சானுக்கு உரிமை வைத்திருந்தவர்கள் வழக்கு என்றார்கள், வெளியீடு தள்ளிப்போனது. டார்சானுக்கு எதிராக எழுதியவனை டார்சானின் நிழலாக்கித்தான் அவர்களுக்கு விற்கத் தெரிந்தது. 2020 மே மாதம் சாண்டர்ஸ் இறந்தார். உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். மாதங்கள் கழித்துச் செய்தி அறிந்த வாசகர்களும் நண்பர்களும் காசு சேர்த்துக் கல் வைத்தார்கள். சுடுகாட்டுப் பாதைக்கு நிற்கும் என் தோழருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அங்கயும் அப்பிடித்தானா?" என்றார்.

டிலேனி 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணிப்பு உண்டு. கறுப்பு எழுத்தாளர்கள் ஒன்றிரண்டு பேராக இருக்கும்வரை துறை அவர்களைத் தட்டிக்கொடுக்கும். நூற்றுக்குப் பதிமூன்று, இருபது என்று எண்ணிக்கை ஏறும்போதுதான் உண்மையான வெறுப்பு வெளியே வரும் என்றார். அப்படியே நடந்தது. 2013இல் என்.கே. ஜெமிசின் துறையின் இனவெறியைப் பற்றி மேடையில் பேசியதற்கு ஒரு வெள்ளை எழுத்தாளர் அவரைப் பாதிக் காட்டுமிராண்டி என்று எழுதினார். எழுத்தாளர் சங்கம் அந்த ஆளை வெளியேற்றியது. 2015இல் ஒரு கும்பல் ஹியூகோ விருதின் பரிந்துரைப் பட்டியலைத் திட்டம் போட்டுக் கைப்பற்றியது. அவர்கள் முறையீடு, விருதெல்லாம் தகுதிக்கு இல்லாமல் அரசியலுக்குப் போகிறது என்பது. தகுதி! இட ஒதுக்கீடு என்றதும் நாம் கேட்கிற அதே சொல். வாசகர்கள் ஐந்து பிரிவுகளில் 'யாருக்கும் விருது இல்லை' என்று வாக்களித்தார்கள். அதே 2015இல் உலக மாயப்புனைவு விருதுக்கான சிலையிலிருந்து லவ்கிராஃப்ட் என்ற இனவெறி எழுத்தாளரின் தலையை எடுப்பதாக அறிவித்தார்கள். 2019இல் கேம்பல் பெயரிலிருந்த விருதின் பெயரும் மாறியது. 2016, 2017, 2018 என மூன்று வருசமும் சிறந்த நாவலுக்கான ஹியூகோ ஜெமிசினுக்கே போனது. இதுவரை யாரும் அப்படி வாங்கியதில்லை. 2015இன் இறுதியில் நியூயார்க் டைம்ஸில் புதிய அறிவியல் புனைகதை நூல்களுக்கு மதிப்புரை எழுதும் பத்தியும் அவர் கைக்கு வந்தது. மில்லர் உட்கார்ந்த மாதிரியான ஒரு நாற்காலியில் ஒரு கறுப்புப் பெண். எனக்கு விருதுகளைவிட இதுதான் பெரிய செய்தி.

அவருடைய 'தி ஃபிஃப்த் சீசன்' நாவலை நாம் வேறு மாதிரி வாசிக்க வேண்டும். அந்த உலகத்தில் பூமி அடிக்கடி வெடித்துப் பஞ்சம் வரும். ஒவ்வொருவர் பெயரோடும் அவர் தொழிற்சாதியும் ஊரும் சேர்ந்திருக்கும். பஞ்ச காலத்தில் யாருக்குச் சோறு, யாரை வெளியே தள்ளுவது என்பதை அதுவே முடிவு செய்யும். ஊர் இல்லாதவர்கள் என்று ஒரு கூட்டம் வெளியே அலையும். நிலநடுக்கத்தையே அடக்கும் சக்தியோடு பிறக்கும் சிலர் உண்டு. அவர்கள் இல்லாமல் நாடு நிற்காது. ஆனால் சட்டப்படி அவர்கள் மனுசரே இல்லை. குழந்தையிலேயே பிடித்துப்போய் அடித்துப் பழக்குவார்கள். அவர்களை அழைக்க ஒரு வசைச்சொல் உண்டு. வேலை வேண்டும், வேலைக்காரன் தீட்டு. ஊர், சேரி, வசைச்சொல் எல்லாவற்றையும் அறிந்த நமக்கு அந்த வரைபடம் புதிதல்ல.

ஆனால் எனக்கு ஒரு முரண்பாடும் இருக்கிறது. அந்த நாவலில் ஒடுக்கப்பட்டவர்கள் நினைத்தால் ஓர் ஊரையே அழிக்க முடியும். அதனால் அவர்கள்மேல் உள்ள பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. நம்மைப் பார்த்துப் பயப்பட யாருக்கு என்ன காரணம் இருந்தது? நாம் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததுதானே! சாதி வெறுப்புக்குக் காரணமே தேவையில்லை என்பதுதான் அதன் பயங்கரம். இன்னொன்று, அங்கே தொழிற்சாதி கதையின் ஓரத்தில்தான் நிற்கிறது. சாதி வேலையைப் பிரிப்பதல்ல, வேலையாட்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936இல் சொன்னார். அந்த அடுக்கை மையமாக்கிய நாவலை நாம்தான் எழுத வேண்டும். கறுப்பர்கள் நமக்காக எழுதித் தரமாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை.

தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் சுஜாதா பெயரைச் சொல்வோம். 'என் இனிய இயந்திரா'வை நானும் ராத்திரி முழுக்க முழித்துப் படித்தவள்தான். அதில் எல்லோருக்கும் பெயர் இரண்டே எழுத்து. சாதி தெரிய வழியில்லை. ஆனால் அந்த நாட்டில் சாக்கடை யார் அள்ளினார்கள் என்ற கேள்வி அப்போது எனக்கு எழவில்லை. எனக்கே எழவில்லை என்பதுதான் விசயம். எதிர்காலத்தில் சாதி இருக்காது என்று எழுதாமலே விட்டுவிடுவது ஒன்று. அதை ஒழித்த கதையை எழுதுவது வேறொன்று. முன்னது சேரியை வரைபடத்திலிருந்து மட்டும் அழிக்கிறது.

இன்றைக்கு நிலைமை கொஞ்சம் அசைகிறது. கொல்கத்தாவிலிருந்து வந்த தலித் பெண் மிமி மண்டல், பட்லருக்கு எழுதப்பட்ட கடிதங்களும் கட்டுரைகளும் அடங்கிய ஒரு நூலை 2017இல் இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்தார். அதற்கு லோகஸ் விருது கிடைத்தது. சென்னையில் உள்ள பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதியெதிர்ப்பு அறிவியல் புனைவுகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. அவை தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும். வந்தால் யார் மதிப்புரை எழுதுவார்கள் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். 'அனுபவம் இல்லையே' என்று சொல்கிறவர்களா, அல்லது நாமா?

எங்கள் காலனியில் சாயந்திரம் டியூசன் எடுக்கிறேன். ஒருநாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'கிண்ட்ரட்' கதையைச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அப்பன்னா நாமளும் வெண்மணிக்குப் போவலாமாக்கா? அந்தக் குடிசக் கதவத் தொறந்து வுட்டுட்டு வந்துடலாம்ல?" எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எழுது என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்துவிட்டாள். எல்லோரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள், பிள்ளைகள்கூட. அதோடு நிறுத்திவிட்டிருந்தாள். ஏன் முடிக்கலை என்று கேட்டேன். "வெளிய வந்துட்டாங்க. அப்பறம் அவங்க எந்தத் தெருவுக்குப் போவாங்கன்னு தெரிலக்கா" என்றாள்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேற்றுக் கிரகத்தில் எதற்குப் பட்டா என்று கேட்ட தோழருக்கு அதைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.